வெள்ளித்தாள் சுற்றிய குப்பி

மார்ச் 3

அன்புள்ள அண்ணி,

"போன் மட்டும் பண்ணாத வாலு, உன் குரலைக் கேட்டா அழுதுடுவேன்" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போனீர்கள். அதனால் இத்தனை மாதமும் உங்களை அழைக்கவில்லை. கடிதம் எழுதக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. ஆராய்ச்சி செய்கிறவளாம் நான்.

நலமா? ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? பாசி கழுவும் தொட்டிப் பக்கம் ஈரத்தரையில் செருப்பில்லாமல் நிற்கும் பழக்கத்தை விட்டீர்களா? நான் நலம். என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் துணிக்கொடி கைக்கு எட்டும். அங்கே ஒருவர் தினமும் ஒரு நீலச் சட்டையைக் காயப் போடுகிறார். அவரிடம் இருப்பதே ஒரு சட்டையா, இல்லை எல்லாச் சட்டையும் நீலமா என்பது இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அண்ணன் என்னைப் பார்க்க வந்தபோது அவனிடம் ஒரு குப்பி கொடுத்தனுப்பினீர்களே, அது ஒளிரவில்லை.

கடலின் சிவப்புப் பாசியிலிருந்து நீங்கள் பிரித்தெடுத்து, ஆன்டிபாடியில் ஒட்டி அனுப்புகிற அந்த நிறமியை நம்பித்தான் என் பிழைப்பே ஓடுகிறது. ரத்தத்தில் கலந்தால் நான் தேடும் செல்லை மட்டும் அது போய்ப் பிடித்துக்கொள்ளும். லேசர் பட்டதும் அந்தச் செல் ஆரஞ்சாக மின்னி, நான் இங்கே இருக்கிறேன் என்று கை தூக்கும். இந்த முறை யாருமே கை தூக்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டு வகுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கும் வாத்தியார் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் வீணாக்கியது சாதாரண ரத்தம் இல்லை, அண்ணி. நோய் கண்ட குழந்தைகளிடம் மருந்து தொடங்கும் முன் எடுத்தது. மருந்து உள்ளே போன பிறகு அந்த ரத்தம் மறுபடி கிடைக்காது. பாதியைத் தொலைத்துவிட்டேன். மீதி சேமிப்பில் இருக்கிறது.

பேராசிரியர் மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "குப்பி கெட்டதா, உன் கை கெட்டதான்னு தெரியணும். தெரியாம மீதியை உன்கிட்ட குடுக்க மாட்டேன்" என்றார். வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார் போலிருக்கிறது. குப்பிதான் காரணம் என்றால் கம்பெனிக்குப் புகார் எழுதச் சொல்கிறார். எழுதினால் அதைச் செய்தது யார் என்று அங்கே கேட்பார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்கவே கூசுகிறது. நீங்கள் அண்ணனுக்கு விவாகரத்துப் பத்திரம் அனுப்பிய வாரம் அது. மனசு சரியில்லாமல் ஏதாவது விட்டுப்போயிருக்குமா?

அவன் இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிட்டால் அப்புறம் நீங்கள் எனக்கு யார் என்று யோசித்தேன், பிடிபடவில்லை. இதையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டுவிட்டேன்.

உங்கள்
வாலு


மார்ச் 9

அன்பு வாலு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே வாசித்தேன். வாசித்து முடித்தபோது பஸ் போய்விட்டிருந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக வேலைக்குத் தாமதமாகப் போனேன், அந்தப் பாவம் உன்னைச் சேரட்டும்.

முதலில் திட்டிவிடுகிறேன். புகாரை எழுது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பழியை உன் கைமேல் போட்டுக்கொள்ளாதே. நான் கண்ணாடிப் பாத்திரம் இல்லை. கெட்ட பொருளைச் செய்திருந்தால் செய்தேன் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்துதான் நிற்பேன்.

ஆனால் நான் கெட்ட பொருளைச் செய்யவில்லை. செய்யும் ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம் எடுத்து இங்கேயே குளிரறையில் இருட்டில் வைத்திருப்போம். உன் குப்பியோடு பிறந்ததை வெளியே எடுத்தேன். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு நீல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தணல் மாதிரி ஒளிர்ந்தது. கண்ணை நம்பாமல் கருவியில் வைத்தும் அளந்தேன். குறையே இல்லை. மனசு சரியில்லாத வாரம்தான். ஆனால் மனசு சரியில்லாதபோது என் கை இன்னும் கவனமாக இருக்கும். உனக்கு அது தெரியாது.

அப்போது பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் நின்றிருந்தாள். உன்னைப் போல அவளும் ஒரு தொணதொணப்பு.

"கடல்ல இருக்கும்போதும் இப்படித்தான் ஒளிருமா அக்கா?"

"இல்ல. பாசிக்குள்ள இருக்கும்போது பிடிச்ச வெளிச்சத்தை அடுத்த நிறமிகிட்ட குடுத்துடும். அது அதுக்கடுத்ததுகிட்ட குடுக்கும். கடைசில அது பாசிக்குச் சாப்பாடாகும். தனியாப் பிரிச்சு எடுத்தப்புறம் வாங்கிக்க ஆள் இல்ல. அதான் வெளில கொட்டுது."

"அப்போ இது அழகா, சோகமா?"

"வேலையப் பாரு" என்றேன். நல்ல கேள்விதான்.

சரி, நான் கேட்பதற்குப் பதில் எழுது. குழந்தைகளின் ரத்தத்தில் போடும் முன் இந்தக் குப்பியை வேறொரு சாதாரண ரத்தத்தில் போட்டுச் சோதித்தாயா? குப்பியின் அடியில் பொடி மாதிரி ஏதாவது படிந்திருந்ததா? இங்கிருந்து கிளம்பி உன் கைக்கு வரும்வரை பெட்டி எங்கே இருந்தது, எதில் இருந்தது? கொண்டுவந்தவரிடம் கேள்.

கடைசியில் கேட்டிருந்தாயே, அதற்கு இப்போது என்னிடம் பதில் இல்லை. தவிர்க்கிறேன் என்று நினைக்காதே. தவிர்க்கத்தான் செய்கிறேன்.

அன்புடன்
அண்ணி


மார்ச் 17

அன்புள்ள அண்ணி,

சோதிக்கவில்லை. உங்கள் கையால் வந்தது என்பதால் சோதிக்கவில்லை. வேறு யார் அனுப்பியிருந்தாலும் சோதித்திருப்பேன். மேடத்திடம், நம்பிப் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னபோது, "நம்பிக்கைய எல்லாம் வீட்ல வச்சுக்கோ" என்றார். அடியில் பொடி இருந்தது. குலுக்கினேன், கரைந்த மாதிரி இருந்தது. பார்க்க ஏறக்குறைய அதே சிவப்புதான். வித்தியாசமே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். தேநீர் போட்டுக்கொண்டிருந்தான். நான் வந்ததும் பாலை இன்னும் கொஞ்சம் ஊற்றினான். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

"அண்ணா, அண்ணி குடுத்த பெட்டிய எங்க வச்சிருந்த?"

"ஏன், என்ன ஆச்சு?"

"சும்மா கேட்டேன்."

"நீ சும்மா கேக்கறவளா? பத்திரமாத்தான் வச்சிருந்தேன். சில்லுன்னு இருக்கணும்னு சொன்னா. உன்கிட்ட வர ரெண்டு நாள் இருந்துச்சே. அதுவரைக்கும் ஃப்ரீஸர்ல வச்சேன்."

"ஃப்ரீஸர்லயா? கீழ வைக்கலயா?"

"கீழ எங்க சில்லுன்னு இருக்கு? கதவு ரப்பர் போயிடுச்சு. அவ குடுத்தது கெட்டுப்போச்சுன்னா? பட்டாணி, ஐஸ் தட்டு எல்லாத்தையும் வெளில எடுத்துப் போட்டுட்டு நட்ட நடுவுல வச்சேன். கரண்ட் போனா என்ன பண்றதுன்னு ஆபீசுக்குக்கூடப் போகல."

நான் அவன் முகத்தைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அதை உறைய விடக் கூடாது அண்ணா. உறைஞ்சா போச்சு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவன் அணைக்கவில்லை. நான்தான் அணைத்தேன்.

"அவ சொல்லலியே" என்றான்.

"நீ கேட்டியா?"

வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "கேக்கலாம்னுதான் நினைச்சேன். அவ வேலை செய்யற இடத்து கேட் வாசல்ல நின்னுட்டிருந்தோம். இதுல என்ன இருக்குன்னு கேட்டா, இத்தனை வருஷமா கேக்காதவனுக்கு இப்ப என்ன வந்துச்சுன்னு நினைப்பாளோன்னு இருந்துச்சு. பெட்டிய வாங்கிட்டு வந்துட்டேன்."

வெளிச்சம் படாமல் இருக்க நீங்கள் குப்பியை வெள்ளித்தாளால் சுற்றியிருந்தீர்கள். நான் பிரித்தபோது உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, உறைய விடக் கூடாது என்று. அதைப் பார்க்கலயா என்று கேட்டேன். "அவ சுத்தி வச்சிருக்கா. நான் எதுக்குப் பிரிக்கணும்?" என்றான்.

கிளம்பும்போது, "இத அவகிட்ட சொல்லாத வாலு. இதுலயும் நான்தானான்னு ஆயிடும்" என்றான். சரி என்றேன். நான் சரி என்றால் என்ன அர்த்தம் என்று, நான் பிறந்ததிலிருந்தே அவனுக்குத் தெரியும்.

அண்ணி, இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். பட்டாணியை வெளியே போட்டுவிட்டு, ஆபீசுக்கும் போகாமல் உங்கள் பெட்டிக்குக் காவல் இருந்திருக்கிறான். அவனிடம் திரும்பி வரக் கூடாதா?

உங்கள்
வாலு


மார்ச் 24

அன்பு வாலு,

பட்டாணி வரும் இடத்தில் சிரித்துவிட்டேன். ஆபீசுக்குப் போகாத இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தொட்டியைக் கழுவப் போனேன். கழுவின தொட்டியையே மறுபடி கழுவுகிறேன் என்று தொணதொணப்புதான் சொன்னாள்.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் குப்பியைக் கம்பெனியின் குளிர்ப்பெட்டியில் வண்டியிலேயே அனுப்பியிருக்கலாம். அதுதான் இங்கே விதி. உன் அண்ணன் உன்னைப் பார்க்க வருகிறார் என்று ஆர்டர் தாளின் ஓரத்தில் நீதான் ஒரு வரி குறித்திருந்தாய். அவர் கையில் கொடுக்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அவர் கம்பெனி கேட் வாசலுக்கு வந்துவிட்டார் என்றதும் அவசரமாகக் குப்பியை எடுத்து, சீட்டின் மேலேயே வெள்ளித்தாளைச் சுற்றினேன். சுற்றிய பிறகு வெளியே இன்னொரு சீட்டு ஒட்ட வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் இதைச் சொல்லித் தருகிறேன்.

கேட் வாசலில் நின்று, "சில்லுன்னு இருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு சில்லென்று என்று அவர் கேட்பார் என நின்றேன். கேட்டால் சொல்லலாம் என்று நின்றேன். கேட்காவிட்டாலும் சொல்லலாம் என்பது எனக்குத் தெரியும் வாலு. தெரிந்துதான் நின்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. கல்யாணமாகி மூன்றாம் வருடம் எனக்குக் கரு கலைந்தது. நீ அப்போது விடுதியில் இருந்தாய். உன்னிடம் காய்ச்சல் என்று சொன்னோம். அந்த வாரம் உன் அண்ணன் வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் கழற்றி மாற்றினார். சொட்டுச் சத்தம் எனக்குத் தொந்தரவாக இருக்கும் என்று அவராக நினைத்துக்கொண்டார். எனக்கு எது தொந்தரவு என்று கதவைத் திறந்து கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஸ்பேனர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நானும் கதவைத் திறந்து சொல்லவில்லை. அந்தக் குழாய்கள் இன்றுவரை சொட்டவில்லை.

அவர் நல்லவர். அதனால்தான் கிளம்ப எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று. கெட்டவராக இருந்திருந்தால் சீக்கிரம் கிளம்பியிருப்பேன். திரும்பி வந்தால் அவர் இன்னும் கவனமாக இருப்பார். எதை மாற்றலாம், எதைப் பழுது பார்க்கலாம் என்று வீடு முழுக்கத் தேடுவார். நானும் கேட்பாரா என்று நிற்பேன். அதற்கு இனி எனக்குத் தெம்பில்லை. வரமாட்டேன்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஏம்மா, சீட்டை மறைச்சது நீயா? நீயா?" என்று இரண்டு தடவை கேட்டார். சில மாதம் பொருள் அனுப்பும் பொறுப்பு எனக்கு இல்லை. செய்யும் வேலை இருக்கிறது, அது போதும். உன் பேராசிரியருக்கும் எழுதிவிட்டேன். பொருள் நன்றாக இருந்தது, வழியில் உறைந்துவிட்டது, விதியை மீறித் தனி ஆளிடம் கொடுத்தனுப்பியது நான், எச்சரிக்கையை மூடியதும் நான் என்று. கொண்டுபோனவர் யார் என்று எழுதவில்லை. அவர்களுக்கு அது தேவையும் இல்லை.

இனி நீ முதல் கடிதத்தில் கேட்டதற்கு வருகிறேன். கையெழுத்து ஆன பிறகும் நாம் எழுதிக்கொண்டிருந்தால் உன் அண்ணனுக்கு வலிக்கும். நாளைக்கு அந்த வீட்டுக்கு வேறொருத்தி வரலாம். வர வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அவளை நீ அண்ணி என்று கூப்பிட வேண்டியிருக்கும். அந்த வார்த்தையை அவளுக்காக வைத்துக்கொள். இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

அந்த வீட்டில் நான் காலடி வைத்த அன்று, எல்லாரும் தேநீர் குடித்தாயா, களைப்பா என்று கேட்டார்கள். நீ மட்டும்தான் என் வேலையில் நான் என்ன செய்வேன் என்று கேட்டாய். சொல்லச் சொல்ல விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாய். அதற்கு நான் உனக்கு இதுவரை நன்றி சொன்னதில்லை.

நன்றாக இரு. முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போடு.


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணி,

நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்தவில்லை.

கடைசிக் கடிதத்தில் கையெழுத்தே போடாமல் அனுப்பியிருக்கிறீர்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உங்களுக்கு மறதி கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் குழாய்ப் பகுதியை மறுபடி வாசித்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காய்ச்சல் என்று சொன்ன அந்த வாரம், விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று உங்களுக்கு மூன்று பக்கம் எழுதினேன், ஞாபகமிருக்கிறதா? அதற்கும் பதில் போட்டீர்கள்.

அண்ணன் போன வாரம் இங்கே வந்தான். வந்ததும் வராததுமாக, "அது ஏன் உறைஞ்சா கெட்டுப்போகுது?" என்று கேட்டான். சொன்னேன். சின்னச் சின்னத் துண்டுகள் வளையமாகக் கைகோத்து நிற்கிற பொருள் அது, உறையும்போது அந்தப் பிடி விட்டுப்போகும், திரும்ப உருக வைத்தாலும் அவை பழையபடி கைகோப்பதில்லை என்றேன். "வெளில பாத்தாத் தெரியாதா?" என்றான். "சரியாத் தெரியாது" என்றேன். கேட்டுக்கொண்டான். பையிலிருந்து பத்திரத்தை எடுத்து என் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடினான். "நல்லபடியா அனுப்பிடு" என்று என்னிடமே கொடுத்தான். இதோடு வைத்திருக்கிறேன்.

மறைத்துச் செய்யக் கூடாது என்று, உங்களுக்கு நான் எழுதுவதையும் சொன்னேன்.

"தெரியும்" என்றான். "எழுது. நீ நிறுத்திட்டா அதுக்கும் நான்தான் காரணம்னு ஆகும். அந்தப் பழியும் எனக்கு வேணாம்."

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும். இருந்தா என்ன? எழுது" என்றான். பிறகு எதிர்க் கட்டடத்துத் துணிக்கொடியைப் பார்த்து, "இவருக்கு வேற சட்டையே இல்லயா?" என்று கேட்டான். அவன் இப்போதெல்லாம் கேள்வி கேட்கிறான், அண்ணி. தாமதம்தான். இது உங்களைத் திரும்பக் கூப்பிடுவதற்காக எழுதியதில்லை. தெரிந்தால் சந்தோஷப்படுவீர்கள் என்றுதான்.

இனி வேலை விஷயம். மேடம் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். என்னை அழைத்தார். "சோதிக்காம போட்டது உன் தப்பு. இதுல இருக்கிற எதுவும் அதை மாத்தாது" என்றார். தலையாட்டினேன். "ஆனா உன் கை கெடல. மீதியை நீயே பண்ணு" என்றார். நிற்க வேண்டும் போலவும் உட்கார வேண்டும் போலவும் இருந்தது.

அப்புறம் சொன்னார்: "எப்படிக் கெட்டதுன்னு இவ்வளவு தெளிவா எழுதறவங்க பக்கத்துல இருந்தா நல்லது. புதுக் குப்பிய அவங்களே கொண்டுவரட்டும். கம்பெனிக்கு எழுதறேன். தங்கறதுக்கு விருந்தினர் அறை சொல்லிடு."

"வேணாம் மேடம். என் அறைல தங்குவாங்க."

"உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"அண்ணி, மேடம்."

"அண்ணன் மனைவியா?"

"இல்ல மேடம். அண்ணி."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பத்திரம் அப்போது என் பையில் இருந்தது.

நாளைக்கு யாராவது வந்தால் அவரையும் அண்ணி என்று கூப்பிடுவேன். அந்த வார்த்தை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போகிற பண்டம் இல்லை. வருவீர்களா, மாட்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள். மாட்டேன் என்றால் அதையும் கையெழுத்துப் போட்டு எழுதுங்கள்.

உங்கள்
வாலு


ஏப்ரல் 12

அன்பு வாலு,

பத்திரம் கிடைத்தது. உன் அண்ணனின் கையெழுத்து எப்போதும் போல நேராக இருக்கிறது. அவர் கேட்ட கேள்விகளை எழுதியதற்கு நன்றி. சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் அழுதேன், அதுவும் சரிதான்.

வியாழக்கிழமை காலை வருகிறேன். மேனேஜர் முகத்தைக் கோணிக்கொண்டே அனுமதி கொடுத்தார். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன். சீட்டு வெளியே நாலு பக்கமும் ஒட்டியிருக்கிறது. தொணதொணப்பு அடியிலும் ஒன்று ஒட்டியிருக்கிறாள். கம்பெனி ஆளாக வருவதால் ஆய்வுக்கூடத்தில் உன்னை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். பல்லைக் காட்டிவிடாதே.

உன் கட்டில் சின்னது என்று தெரியும். தரையில் விரிக்க ஒன்று நானே கொண்டுவருகிறேன். அதைத் திரும்ப எடுத்துப் போவதாக இல்லை, அங்கேயே இருக்கட்டும். உன் அறைக்கு இன்னொரு சாவி செய்து வை.

அண்ணி